மனக்கோயிலும் மதிற்கதவும்

காஞ்சி நகரின் மேற்குப் புறத்தே கயிலாசநாதர் கோயில் நிற்கிறது. பல்லவ மன்னன் இராசசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மணற்கல்லிலே கட்டி எழுப்பிய மாளிகை அது. பதின்மூன்று நூற்றாண்டு மழையும் வெயிலும் அதன் சிற்பங்களைத் தேய்த்திருக்கின்றன, தீர்த்துவிடவில்லை. சிங்கத் தூண்களும், சுற்று மதிலை ஒட்டி நிற்கும் சிற்றாலயங்களும், சுவரிலே மங்கிக் கிடக்கும் வண்ண ஓவியங்களும், அன்று கொட்டப்பட்ட பொருளையும் வாங்கப்பட்ட உழைப்பையும் இன்றும் நமக்குக் காட்டி நிற்கின்றன.

அந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு என்று குறித்த அதே நாளில், வேறோர் ஊரில் வேறொரு கோயிலுக்கும் குடமுழுக்கு! ஊர், திருநின்றவூர். கட்டியவர் மன்னரல்லர், கையிலே காசில்லாத ஏழை. கல்லில்லை, சுண்ணாம்பில்லை, தச்சரில்லை. பொருள் தேடிப் பல இடங்களுக்கும் அலைந்து, கிடைக்காமற் போகவே, கண்ணை மூடி அமர்ந்தார். நெஞ்சுக்குள்ளே கட்டத் தொடங்கினார். கருவிகளை நினைவிலே சேர்த்தார், அடித்தளம் இட்டார், தளத்தின்மேல் தளம் ஏற்றினார், சுதை பூசினார், கிணறு அகழ்ந்தார், மதில் எழுப்பினார், குளமும் வெட்டினார். இரவும் உறங்காமல் நடந்த திருப்பணி. முடிந்ததும் நாள் குறித்தார். மன்னன் குறித்ததும் அந்நாளே!

அன்றிரவு மன்னன் கனவிலே இறைவன் தோன்றி, “நாளை நாம் நின்றவூர் அன்பன் கட்டிய கோயிலுக்குப் போகிறோம், உன் விழாவை வேறொரு நாள் வைத்துக்கொள்” என்கிறான். மன்னன் திடுக்கிட்டு விழித்தான், நின்றவூருக்கு விரைந்தான், கோயில் எங்கே என்று கேட்டான். ஊராருக்குத் தெரியவில்லை. இறுதியில் அந்த ஏழையையே கண்டு, நெஞ்சகத்தே நின்ற கோயிலின் வரலாற்றைக் கேட்டு, முடி தரையிலே படும்படி வணங்கினான்.

இது பூசலார் கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டில், சோழன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் உள்ளது. மன்னனைக் காடவர் கோமான் என்றே சேக்கிழார் குறிக்கிறார். அவன் இராசசிம்மனே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. உருவற்ற குரலைக் கேட்டவன் என்று அம்மன்னனைப் போற்றும் கல்வெட்டு அக்கோயிலிலேயே இருப்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவர்.

கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. கடவுள் உண்டா, இல்லையா என்பதும் இக்கட்டுரையின் வழக்கன்று. நாம் கேட்கவேண்டியது வேறு. மன்னன் கொட்டிய பொன்னினும் ஏழையின் தியானம் பெரிது என்று சொல்லத் துணிந்ததே ஒரு சமயம். கல்லால் கட்டும் கோயிலைவிட மனத்தால் கட்டும் கோயில் உயர்ந்தது என்று ஒப்புக்கொண்டதே. அந்த ஒப்புதல் மக்கள் வாழ்விலே எதுவரை சென்றது? எந்த வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்டது?

ஒரே நூலில் இரு அடியார்

விடையைத் தேடி வேறு நூலுக்குப் போகவேண்டியதில்லை. அதே பெரியபுராணத்திலே சில ஏடுகளைப் புரட்டினால் போதும், நந்தன் நிற்கிறார்.

ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்தவர் அவர். கோயில்களுக்கு அவர் செய்த தொண்டு என்ன? முரசுக்கும் பேரிகைக்கும் தோல் கொடுத்தார், வார் கொடுத்தார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார், இறைவன் பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். எண்ணிப் பாருங்கள்! அவர் பதப்படுத்திய தோல் உள்ளே முழங்கியது. அவர் முறுக்கிய நரம்பு உள்ளே இசைத்தது. அவர் கொணர்ந்த மணப்பொருள் இறைவன் திருமுன்னே சென்றது. அவர் மட்டும் வெளியே நின்றார். கைப்பொருளுக்குத் தீட்டில்லை, கைக்குத் தீட்டு! இந்தக் கணக்கை எந்தக் கணக்காயர் வகுத்தாரோ?

திருப்புன்கூரில் வாயிலுக்கு வெளியே நின்று பார்த்தார். குறுக்கே கிடந்த கல்நந்தி விலகியது என்பது கதை. நந்தி விலகிற்று, வாயில் விதி விலகவில்லை. தில்லைக்குப் போகவேண்டும் என்ற ஆசை நாளுக்கு நாள் வளர்ந்தது. ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று நாள்களைத் தள்ளியதால் அதுவே அவர் பெயராயிற்று. போனார், தில்லை எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார், உள்ளே புகவில்லை. கடைசியிலே தீ வளர்த்தார்கள், தீயிலே மூழ்கினார், வெண்ணூல் விளங்க, சடைமுடியோடு, முனிவர் வடிவிலே எழுந்தார் என்கிறது புராணம். அதன் பிறகே கதவு திறந்தது.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பூசலாரும் உள்ளத்திலே வழிபட்டவர். நந்தனும் உள்ளத்திலே வழிபட்டவர். பூசலார் மறையவர், நந்தன் புலையர். ஒருவர் தியானத்துக்கு மன்னன் வந்து மண்டியிட்டான். மற்றவர் தியானத்துக்குத் தீ மூட்டினார்கள். நெஞ்சகக் கோயில் இருவருக்கும் ஒன்றுதான் எனில், ஒருவரைத் தொழுததும் மற்றவரை எரித்ததும் ஏன்? உள்ளத்தை அளந்தா அந்தத் தீர்ப்பு வந்தது? இல்லை. உடலை அளந்து வந்தது. அதிலும் உடல் பிறந்த தெருவை அளந்து வந்தது.

பூசகர் ஏட்டிலே உள்ள பூசை

“உள்ளத்து வழிபாடு சித்தர்கள் கிளப்பிய கலகம், கோயில் முறைக்கும் அதற்கும் உறவில்லை” என்று சிலர் கூறுவர். தவறு. கோயில் முறையின் நடுவிலேயே அது வீற்றிருக்கிறது.

சைவ ஆகம மரபிலே, பூசை செய்பவர் விளக்கைக் கையில் எடுக்கும் முன்னர், மணியை அசைக்கும் முன்னர், செய்யவேண்டிய பூசை ஒன்றுண்டு. அந்தரியாகம் என்பது அதன் பெயர். அகப்பூசை என்று தமிழிலே சொல்லலாம். நெஞ்சமே பூசைக்குரிய இடம். உந்தியே வேள்விக் குண்டம். புருவத்தின் நடுவே தியானத்துக்குரிய இடம். அங்கே சாத்தவேண்டிய மலர்கள் எட்டு. மல்லிகையோ முல்லையோ அல்ல. கொல்லாமை ஒரு மலர். ஐம்பொறி அடக்கம் ஒரு மலர். பொறுமை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்பன ஏனைய மலர்கள். இந்த எட்டையும் உள்ளே சாத்திய பின்னரே வெளியே பூவை எடுக்கவேண்டும் என்பது முறை.

எத்துணை அழகான ஏற்பாடு! வகுத்தவர்களைப் பாராட்ட நாம் தயங்கவேண்டியதில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடவும் வேண்டியதில்லை. இரக்கம் என்னும் மலர் எந்த வீதியிலே மட்டும் பூக்கிறது? வாய்மைக்கு எந்தக் குலம் வேலி? பொறுமையை நந்தனைவிட மிகுதியாகப் பயிரிட்டவர் யார்? எட்டு மலரும் எல்லா நெஞ்சிலும் பூக்கும் எனில், அகப்பூசைக்குத் தகுதி எல்லார்க்கும் உண்டு. அகப்பூசைக்குத் தகுதியுள்ளவரைப் புறப்பூசையின் வாயிலிலே நிறுத்துவது எந்த நியாயம்? அடியிலே சமத்துவத்தை வைத்து, அதன்மேல் ஏற்றத்தாழ்வைக் கட்டியதைப் போன்ற கட்டடம் அது. அடித்தளம் சொல்வதை மேல்தளம் மறுக்கிறது.

முதற்படி எது?

யோகம் என்றதும் இன்று நம் கண்முன்னே நிற்பது என்ன? விரிப்பிலே அமர்ந்த உடல், வளைந்த முதுகு, இழுத்து விடும் மூச்சு. 2015 முதல் ஆண்டுதோறும் சூன் 21 உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளிலும் மாணவரை வரிசையாக அமர்த்தி ஆதனம் பயிற்றுகிறோம். நன்று, உடல் நலம் பெறுவது யாருக்கும் கேடன்று.

ஆனால் யோகத்துக்கு உறுப்புகள் எட்டு. இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. பதஞ்சலியின் வடமொழி நூலும் இவ்வாறே வரிசைப்படுத்துகிறது. தமிழிலே திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் இவ்வெட்டை விரிக்கிறது. வரிசையை உற்றுநோக்குக. ஆதனம் மூன்றாம் படி. மூச்சு நான்காம் படி. தியானம் ஏழாம் படி. முதற்படி இயமம்.

இயமம் என்றால் யாது? பதஞ்சலி ஐந்து கூறுகிறார்: பிற உயிரை வருத்தாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருளைக் குவிக்காமை. திருமூலர் பட்டியல் இன்னும் நீள்கிறது. கொல்லாமையும் பொய்யாமையும் களவின்மையும் அங்கும் உண்டு. அவற்றோடு, நடுவுநிலைமை தவறாதவனாக இருக்கவேண்டும் என்கிறார். பகுத்து உண்பவனாக இருக்கவேண்டும் என்கிறார். தனியே அமர்ந்து கண்ணை மூடும் ஒருவனுக்கு, நடுவுநிலைமை எதற்கு? பகுத்துண்ணல் எதற்கு? காட்டிலே தனித்திருப்பவன் யாரிடம் நடுவுநிலைமை காட்டுவான்? யாரோடு பகிர்ந்து உண்பான்? அவ்விரண்டும் ஊர் நடுவே, மக்கள் நடுவே வாழ்பவனுக்குரிய அறங்கள். அயலானை எப்படி நடத்துகிறாய் என்பதே யோகத்தின் முதல் தேர்வு. அதிலே தேறாதவன் ஏழாம் வகுப்புக்கு எப்படிப் போனான்?

திருமூலரின் வரலாறே இதற்கு விளக்கமாக இருக்கிறது. வடக்கேயிருந்து வந்த யோகி அவர். காவிரிக்கரையிலே சாத்தனூரில், மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் அவனைச் சூழ்ந்து நின்று கதறுவதைக் கண்டார். அவற்றின் துயர் தீர்க்க அவன் உடலிலே புகுந்தார் என்பது கதை. கதையைக் கதையாகவே கொள்வோம். தமிழிலே யோகம் பேசிய முதற்பெருநூலை, மாடு மேய்த்தவனின் உடலிலிருந்து பிறந்ததாகவே மரபு சொல்லிவைத்தது. மூவாயிரம் பாட்டு என்று அதற்குப் பெயர். பத்தாம் திருமுறை என்று அதற்குப் பீடம். உடலையே கோயிலாக்கிப் பாடினார் அவர். கோயிலிலே உறையும் கடவுளுக்குக் கொடுப்பது நடமாடும் மக்களைச் சேர்வதில்லை. மக்களுக்குக் கொடுப்பதோ கடவுளையும் சேர்ந்துவிடும் என்றும் தெளிவாகவே சொன்னார்.

அவருடைய குரல் தனிக்குரல் அன்று. ஏழாம் நூற்றாண்டிலே நாவுக்கரசர், உடம்பைக் கோயிலாகவும் மனத்தை அடிமையாகவும் கொண்டு செய்யும் பூசையைப் பாடினார். கங்கையிலே ஆடினும் குமரியிலே ஆடினும், எங்கும் உள்ள ஈசனை உணராதவர்க்குப் பயனில்லை என்றார். தொழுநோயாளராயினும் புலையராயினும் அன்பரெனில் தாம் வணங்கும் கடவுள் அவரே என்றார். பின்வந்த சிவவாக்கியரோ, நட்ட கல்லைச் சுற்றி மந்திரம் முணுமுணுப்பதன் பயனை நேருக்கு நேர் கேட்டார். எலும்பிலும் தோலிலும் குலத்தின் அடையாளம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டார்.

நாவுக்கரசர் பாட்டு திருமுறையாயிற்று. திருமூலர் பாட்டும் திருமுறையாயிற்று. கோயிலுக்குள்ளே பாடினார்கள். பாட்டு உள்ளே போயிற்று. பாட்டின் பொருள் வாயிலுக்கு வெளியிலேயே நின்றது. நந்தனைப் போலவே!

உள்ளே போனவர் திரும்பினாரா?

வகுப்பிலே நந்தன் வரலாற்றைச் சொல்லி முடித்த ஒரு நாள், கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “உள்ளே போனவர் அப்புறம் வெளியே வந்தாரா, ஐயா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியிலே மூன்றாண்டு கலைப்பாடம் படித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

வரவில்லை என்பதே புராணத்தின் விடை. தீயில் மூழ்கி எழுந்த நந்தன், அம்பலத்துள்ளே சென்று ஆடும் திருவடியைத் தொழுதார். பின்னர் எவரும் அவரைக் காணவில்லை.

வைணவத்தின் பக்கம் திரும்புங்கள். திருப்பாணாழ்வார் பாணர் குலத்திலே வளர்ந்தவர். திருவரங்கத்துக்கு எதிரே காவிரியின் தென்கரையிலே நின்று, யாழை மீட்டி, கண்ணை மூடி, தம்மை மறந்து பாடிக்கொண்டிருந்தார். வழியிலே நின்றதற்காக, நீர் எடுக்க வந்த உலோகசாரங்கர் கல்லெறிந்தார்; நெற்றியிலே குருதி. பிறகு இறைவன் ஆணை பிறந்தது. எறிந்தவரே தம் தோளிலே சுமந்து உள்ளே கொண்டு சென்றார். அரங்கனை அடிமுதல் முடிவரை பத்துப் பாட்டிலே பாடினார் பாணர். பிறகு? அங்கேயே இறைவனோடு கலந்தார் என்கிறது குருபரம்பரை.

இங்கே ஒருவர், அங்கே ஒருவர். இருவரும் உள்ளே சென்றனர், இருவரும் திரும்பவில்லை. திரும்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுநாளும் போயிருப்பார். அண்ணன் தம்பியரை அழைத்துக்கொண்டு போயிருப்பார். “நேற்று நான் போனேனே, இன்று இவன் ஏன் போகக்கூடாது?” என்று கேட்டிருப்பார். ஒருமுறை நடந்தது வழக்கமாகும், வழக்கம் உரிமையாகும். அந்த இடர் புராணத்திலே எழவில்லை. ஒருவருக்குக் கதவைத் திறந்து, அவரை உள்ளேயே மறையச் செய்து, மீண்டும் சாத்திவிட்டது கதை. மறைந்தவருக்குச் சிலை வைத்தார்கள். இருந்தவர்களுக்குத் தெருவே கிடைத்தது.

உள்ளத்து வழிபாடு என்னும் உயர்ந்த கருத்துக்கு நேர்ந்த பெருந்தீங்கு இதுதான். வாயிலிலே தடுக்கப்பட்டவன், “என் நெஞ்சிலும் அவன் இருக்கிறான்; ஆதலால் எனக்கும் வழி விடு” என்று சொல்ல எடுத்த வாள் அது. அந்த வாளையே வாங்கி, “அவன்தான் உன் நெஞ்சில் இருக்கிறானே, ஆதலால் அங்கேயே கும்பிட்டுக்கொள், இங்கே எதற்கு வருகிறாய்?” என்று திருப்பிப் பிடித்தார்கள். உரிமை கேட்க எழுந்த சொல், ஆறுதலாக மாற்றப்பட்டது. பசித்தவனுக்கு, ‘மனத்தாலே உண்டுகொள்’ என்று சொல்வதைப் போன்ற ஆறுதல்!

கல்யாண நகரிலே ஒரு சோதனை

அந்த வாளை வாள் என்றே பிடித்தவர்களும் வரலாற்றில் உண்டு. நம் அண்டைக் கன்னட நாட்டைக் காண்போம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு. இங்கே சேக்கிழார் பெரியபுராணம் பாடிய அதே நூற்றாண்டு. கல்யாண நகரிலே பிச்சளன் ஆட்சி. அவனிடம் பொருளமைச்சராக இருந்தவர் பசவண்ணர். மறையவர் குலத்தில் பிறந்து, பூணூலைத் துறந்தவர். செல்வர் கோயில் கட்டுவர். ஏழைக்கு அவன் உடலே கோயில் என்று பாடியவர். பாடியதோடு நிற்கவில்லை. கோயிலில் நிற்கும் இலிங்கத்துக்குப் பதிலாக, ஆணும் பெண்ணும் தம் உடலிலே அணிந்து, உள்ளங்கையிலே வைத்துத் தியானிக்கும் சிற்றிலிங்கத்தை அந்த இயக்கம் ஏற்றது. கையிலேயே கடவுள் இருந்தால் கதவுக்கு என்ன வேலை? கதவில்லையெனில் காவலனுக்கு என்ன வேலை?

அனுபவ மண்டபத்திலே துறவியும் தொழிலாளியும் ஒன்றாக அமர்ந்து உரையாடினர் என்று அம்மரபு கூறும். அல்லமபிரபு அங்கே தலைவர். அக்கமகாதேவி அங்கே பேசினார். செருப்புத் தைப்பவர் அரளய்யர் அங்கே சமம். இந்தச் சமம் பேச்சோடு நிற்கவில்லை என்பதே அதன் சிறப்பு. மறையவரான மதுவரசர் தம் மகளை அரளய்யர் மகனுக்கு மணம் செய்து கொடுத்தார். தியானத்திலே கண்ட ஒருமையைத் திருமணப் பந்தலிலே கொண்டுவந்து நிறுத்தினர்!

விளைவு? வைதீகம் கொதித்தது. மன்னன் ஆணையிட்டான். பெண்ணின் தந்தையும் பிள்ளையின் தந்தையும் கொடிய மரணத்துக்கு ஆளாயினர். கலகம் மூண்டது, மன்னன் கொலையுண்டான், அடியார்கள் சிதறினர். உள்ளத்துக்குள்ளே சமத்துவம் இருந்தவரை எவரும் அதைத் தடுக்கவில்லை. அது ஊர்வீதிக்கு வந்ததும் உயிரை விலையாகக் கேட்டார்கள். அகப்பூசை யாருக்கும் அச்சமூட்டுவதில்லை. அகப்பூசையின் பொருளை வாழ்விலே செலுத்துவதுதான் அச்சமூட்டுகிறது.

அணையாத அடுப்பு

தமிழகத்திலே அந்தப் பொருளை வாழ்விலே செலுத்தியவர் இராமலிங்க அடிகள்.

தில்லையை அடுத்த மருதூரிலே 1823 அக்டோபர் 5-ஆம் நாள் பிறந்தார். சென்னை ஏழுகிணற்றுப் பகுதியிலே வளர்ந்தார். பள்ளியிலே நிற்கவில்லை, அறையிலே கண்ணாடியை நிறுத்தி, விளக்கை ஏற்றி, அதன்முன்னே தியானத்தில் அமர்ந்தார் என்று அவர் வரலாறு கூறும். கோயில் கோயிலாகச் சென்று பாடிய காலமும் அவருக்கு உண்டு. பிறகு சென்னையை விட்டார், கருங்குழியிலே தங்கினார். தனித்திருப்பதையும் விழித்திருப்பதையும் பசித்திருப்பதையும் போற்றியவர், தம் பசியைத்தான் பொறுத்துக்கொண்டார். பிறர் பசியைப் பொறுக்கவில்லை.

1865-இல் சன்மார்க்கச் சங்கம் கண்டார். 1867 மே 23-ஆம் நாள் வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஞானசபை பிறந்தது அதற்குப் பின்னர். 1872 சனவரி 25-ஆம் நாள். இந்த வரிசையைக் கவனியுங்கள். அடுப்பு முன்னே, விளக்கு பின்னே. ஏறக்குறைய ஐந்தாண்டு சோறு போட்ட பிறகே சோதியைக் காட்டினார். இயமம் முதற்படி, தியானம் ஏழாம் படி என்ற பழைய வரிசையை, ஏட்டிலே படித்தவர் பலர். இடத்திலே கட்டிக் காட்டியவர் அவர்.

ஞானசபை எண்கோண வடிவம். உள்ளே சிலை இல்லை. ஏழு திரைகள், அவற்றை நீக்கினால் சுடர். மனிதனின் அறிவை மறைத்து நிற்கும் திரைகளையே அவை குறிக்கின்றன என்பது அவர் கொள்கை. உள்ளத்துக்குள்ளே நடக்கும் தியானத்தை, எவரும் கண்ணால் காணும் கட்டடமாக்கினார் எனலாம். அங்கும் வாயிலிலே ஒரு நிபந்தனை உண்டு: கொலையையும் புலாலையும் விட்டவர் உள்ளே வருக என்பது. அதைக் குறித்தும் வாதிடலாம். புலால் உண்ணும் குடியிலே பிறந்தவர் பலராகிய நாட்டிலே, அதுவும் ஒரு வேலியாகாதா என்று கேட்கலாம், கேட்பது முறையே. ஆனால் இரண்டு வேறுபாடுகளை மறக்கலாகாது. அது செயலைப் பற்றிய நிபந்தனை, பிறப்பைப் பற்றியதன்று. செயலை ஒருவன் விடலாம்; பிறப்பை எப்படி விடுவான், தீயில் மூழ்கினாலன்றி? இரண்டாவது, அந்த நிபந்தனை தருமச்சாலைக்கு இல்லை. புலால் உண்பவனாயினும் பசித்தவனெனில் சோறிடு என்றே அவர் கூறினார். பசிக்குக் குலம் கேட்கவில்லை, கொள்கையும் கேட்கவில்லை.

1874 சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்திலே அறைக்குள்ளே சென்றார், கதவு சாத்தப்பட்டது. அவரும் திரும்பவில்லை. ஆயினும் நந்தனுக்கும் பாணருக்கும் இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது. அவர் போன பின்னும் அடுப்பு எரிந்தது. ஒன்றரை நூற்றாண்டு கடந்து இன்றும் எரிகிறது. உள்ளே போனவர் வெளியே விட்டுச்சென்ற அடுப்பு!

சட்டம் வந்து திறந்த கதவு

அருளாளர் பாடியும் திறக்காத கதவுகள் எப்படித் திறந்தன?

1897-இல் கமுதிக் கோயிலுக்குள்ளே நாடார் குலத்தார் சிலர் நுழைந்தனர். வழக்கு தொடுக்கப்பட்டது, கீழ்மன்றம் கடந்து, உயர்மன்றம் கடந்து, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறியது. 1908-இல் தீர்ப்பு: நுழையும் உரிமை அவர்கட்கு இல்லை! காஞ்சி மன்னன் கனவிலே நின்றவூர் ஏழைக்குத் தீர்ப்புச் சொன்ன கடவுள், இலண்டன் நீதிபதிகளின் கனவிலே தோன்றவில்லைபோலும்.

பிறகு மக்கள் கிளர்ச்சி மலையாள நாட்டிலும் தமிழகத்திலும் வளர்ந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூரிலே கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. 1939 சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளே, வைத்தியநாத அய்யர் துணைவர, தாழ்த்தப்பட்ட தோழர்கள் நுழைந்தனர், நுழைந்தவர்கள் வழிபட்டனர், வழிபட்டுத் திரும்பியும் வந்தனர்! என் மாணவன் கேட்ட கேள்விக்கு வரலாறு விடை சொன்ன நாள் அது. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் எல்லாக் கோயில் வாயிலையும் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது.

வாயில் கடந்தாயிற்று, கருவறை? 1970-இல் தமிழக அரசு, அருச்சகர் பணியிலே பரம்பரை உரிமையை ஒழித்துச் சட்டம் கண்டது. 1972-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. ஆயினும் ஆகமம் விதித்த மரபினரல்லாதார் திருமேனியைத் தீண்டுவது பற்றிய தடையைக் குறிப்பிட்டு, சட்டத்தின் நோக்கத்தை முடமாக்கியது. எட்டு மலரைச் சாத்தச் சொன்ன அதே ஆகமத்திலிருந்து, மன்றத்துக்குச் சென்றது மலர்ப்பட்டியல் அன்று, தீண்டல் பட்டியல். 2006-இல் மீண்டும் ஆணை பிறந்தது. பயிற்சிப் பள்ளிகள் எழுந்தன. படித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2021 ஆகத்து 14-ஆம் நாள், அப்பள்ளிகளிலே பயின்ற பல குலத்தார் 24 பேர் பணியாணை பெற்றனர். 2023-இல் பெண்கள் மூவரும் பயிற்சி முடித்தனர்.

அதே 2023-ஆம் ஆண்டு சூன் திங்களில்தான், விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியிலே, தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைவதைப் பற்றிய பூசலால் திரௌபதியம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. நீதிமன்றத்தின் வழியாகவே அக்கதவு மறுபடி திறந்தது. நின்றவூர்ப் பூசலாருக்கு மன்னன் வணங்கிய நாட்டிலே, வேறு பூசல் இன்னும் ஓயவில்லை.

கண்ணை மூடுமுன்

தியானம் செய்யாதீர் என்பதற்காகவா இத்தனையும் சொன்னோம்? இல்லை. கண்ணை மூடி அமர்வதிலே அமைதி காண்பவர் காணட்டும். நெஞ்சிலே கோயில் கட்டுபவர் கட்டட்டும். அது எவரும் பறிக்கமுடியாத செல்வம். கல்லும் பொன்னும் இல்லாத ஏழைக்கும் அந்தச் செல்வம் உண்டு என்று சொன்னதே நம் முன்னோர் செய்த பெரும்புரட்சி.

ஆனால் அந்தக் கோயிலுக்கும் இலக்கணம் உண்டு. என் நெஞ்சிலே இறைவன் இருக்கிறான் என்று ஒருவன் சொல்லும்போதே, எதிரே நிற்பவன் நெஞ்சிலும் அவன் இருக்கிறான் என்றும் ஒப்புக்கொண்டுவிடுகிறான். ஒப்புக்கொண்டவன், எதிரே நிற்பவனை எட்டி நில் என்று சொல்வானாயின், தான் கட்டிய கோயிலைத் தானே இடிக்கிறான். தனிக் குவளை வைப்பவன் கட்டும் மனக்கோயிலுக்கு அடித்தளமே இல்லை. எட்டு மலரிலே இரக்கத்தை உதிர்த்துவிட்டு ஏழு மலரைச் சாத்துவது பூசையாகாது. இயமத்தைத் தாண்டி ஏழாம் படியிலே குதிப்பது யோகமாகாது.

திருநின்றவூர் ஏழை கண்ணை மூடிக் கோயில் கட்டினார். நாம் முதலிலே கண்ணைத் திறந்து பார்ப்போம்; வாயிலிலே யார் நிற்கிறார் என்று. அவரை உள்ளே அழைத்து, அருகிலே அமர்த்தி, உண்பதைப் பகிர்ந்து உண்ட பிறகு கண்ணை மூடுவோம். அப்போது நெஞ்சிலே எழும் கோயிலுக்குக் கதவு இராது.